நாற்பத்தாறு மீட்டர் யானை

தேன்கனிக்கோட்டையிலிருந்து ஓசூர் போகும் பஸ் நடுவழியில் நின்றுவிட்டது. ஓட்டுநர் என்ஜினை அணைத்தார். அதுவரை ராகி அறுப்பு, கல்யாணம், ஆஸ்பத்திரி என்று மூன்று பாஷையில் பேசிக்கொண்டிருந்த பஸ், ஒரே நொடியில் வாயை மூடிக்கொண்டது.

முன்னால், அடுத்த கரண்டுக் கம்பத்தடியில், ஒற்றை யானை. எந்தக் களத்திலிருந்தோ இழுத்துவந்த ராகித் தாளைக் காலில் தட்டித் தட்டி மண்ணை உதிர்த்துவிட்டு, அவசரமே இல்லாமல் மென்றுகொண்டிருந்தது.

மார்கழி மாத ஞாயிற்றுக்கிழமை. பனி இன்னும் முழுசாக விலகவில்லை. ஜன்னல் கம்பியைத் தொட்டால் விரல் விறைத்தது. யாரோ சந்தைக்கு எடுத்துப்போகும் கொத்தமல்லிக் கட்டு பஸ் முழுக்க மணத்தது.

என் மடியில் ஹால் டிக்கெட். பத்து மணிக்குப் பரீட்சை. முப்பத்தெட்டு வயதில் எழுதப்போகும் கணக்குப் பரீட்சை.

"ஆனை எப்பக்கா போவும்?" என்று பக்கத்தில் உட்கார்ந்திருந்த சரோஜக்காவைக் கேட்டேன்.

"எனக்கு இன்னா தெரியும்? எறங்கிப் போயி அதையே கேட்டுகினு வா."

சரோஜக்காவும் அதே பரீட்சை எழுதத்தான் வந்துகொண்டிருந்தார். என்னைவிடப் பெரியவர். வீட்டில் தெலுங்கு, வெளியில் தமிழ். ஓசூரில் வேறொரு கம்பெனியில் ஸ்டோர்ஸ் பார்க்கிறார். எங்கள் வகுப்பில் பயப்படாத ஒரே ஆள்.

நானோ அன்று காலை பயந்துகொண்டுதான் வீட்டைவிட்டுக் கிளம்பினேன். யானைக்கு அல்ல.

கரண்ட் முடிவு செய்த குரூப்

யானை தின்று முடிப்பதற்குள், நான் எப்படி அந்த பஸ்ஸில் வந்து உட்கார்ந்தேன் என்பதைச் சொல்லிவிடுகிறேன்.

நான் பிறந்த ஊர் சாமல்பட்டிப் பக்கம். பத்தாம் வகுப்பில் கணக்கு எனக்குப் பிடித்த பாடம். ப்ளஸ் ஒன் சேர்க்க அப்பா என்னைக் கூட்டிப்போன அன்று, முதல் குரூப்புக்கு ஹெட்மாஸ்டர் வந்துதான் முடிவு சொல்வார், மத்தியானம்வரை உட்காருங்கள் என்றார்கள்.

அப்பாவால் உட்கார முடியவில்லை. பதினோரு மணிக்கு மோட்டாருக்குக் கரண்ட் வரும். அந்த நேரத்தில் வயலில் இல்லாவிட்டால் அன்றைக்குத் தண்ணீர் கிடையாது.

"இப்பவே சேரணும்னா எந்த குரூப்புங்க இருக்குது?" என்று கேட்டார்.

"மூணாவது குரூப்."

"அதுவே போடுங்க."

இப்படித்தான் நான் அக்கவுண்டன்சி, காமர்ஸ் படித்தேன். அப்பாவிடம் எனக்குக் கோபம் ஒன்றுமில்லை. அந்த வருஷம் நிலக்கடலை நன்றாக விளைந்தது.

பிறகு கல்யாணம், தேன்கனிக்கோட்டை. கணவர் முனிராஜுக்கு ஊருக்கு வெளியே நிலம். தக்காளி, பீன்ஸ், ராகி. நான் ஓசூரில் வண்டிகளுக்குப் பாகங்கள் செய்யும் கம்பெனி ஒன்றில் டிரெய்னியாகச் சேர்ந்து, மெல்ல மெல்ல இன்ஸ்பெக்‌ஷனுக்கு வந்தேன். லைனில் வரும் ஒவ்வொரு பீஸையும் அளந்து சரி, சரியில்லை என்று பிரிக்கும் வேலை. அந்த வேலை எனக்கு மிகவும் பிடிக்கும். ஆனால் அதற்கு மேல் போக டிகிரி வேண்டும்.

ஒருநாள் கேன்டீன் நோட்டீஸ் போர்டில் ஒரு தாள் ஒட்டியிருந்தது. வேலை பார்த்துக்கொண்டே ஞாயிற்றுக்கிழமைகளில் படித்து உற்பத்தித் துறையில் டிகிரி வாங்கலாம். பக்கத்துக் கல்லூரி ஒன்றோடு ஏற்பாடு. ப்ளஸ் டூவில் கணக்கு எடுக்காதவர்கள் மட்டும் முதலில் ஒரு தாள் எழுதித் தேற வேண்டும். முக்கோணவியல், சார்புகள், மடக்கை. கால்குலஸ் வாசல்வரை கொண்டுபோய் நிறுத்தும் பாடம். அதில் முதல் தடவையே பாஸாகாவிட்டால் சீட் கிடையாது.

முனிராஜிடம் சொன்னேன்.

"ஞாயித்துக்கெழமை கறிக்கொழம்பு யார் வெக்கறது?" என்றார்.

"நீங்க."

"சரி, போ. உப்பு காரம் நான் போடற மாதிரிதான் இருக்கும். அப்புறம் கொறை சொல்லக் கூடாது."

அந்தக் குழம்பைப் பற்றி எழுதினால் இந்த வாரம் இடம் போதாது.

"யாருக்கும்மா தீட்டு?"

பாடம் எடுத்தவர் வாணி மேடம். என்னைவிடப் பத்து வயதாவது சின்னவர். அத்திப்பள்ளிப் பக்கத்திலிருந்து ஸ்கூட்டியில் வருவார். தமிழில் ஆரம்பித்து, வேகம் பிடித்ததும் கன்னடத்துக்குப் போய், போர்டில் இங்கிலீஷில் எழுதி முடிப்பார். ஒவ்வொரு கணக்கு முடிந்ததும் திரும்பி, "அர்த்த ஆய்தா?" என்பார். புரிந்ததோ இல்லையோ, "ஆய்து மேடம்" என்று வகுப்பே சொல்லும்.

வகுப்பில் எல்லோரும் வேலைக்குப் போகிறவர்கள். நைட் ஷிப்ட் முடிந்து யூனிபாரத்தோடு நேராக வருபவர்கள் உண்டு. கொஸைனை விளக்கும்போது முன்வரிசையில் ஒருவர் உட்கார்ந்தபடியே தூங்கிவிடுவார். மேடம் அவரை எழுப்பமாட்டார். குரலைத்தான் கொஞ்சம் தாழ்த்திக்கொள்வார். அதனாலேயே எனக்கு அவரைப் பிடித்துப்போயிற்று.

சைன் என்றால் கம்பெனியில் எங்களுக்குக் கையெழுத்து. "ரிப்போர்ட்ல சைன் ஆச்சா?" என்றுதான் கேட்போம். அதே சொல் முக்கோணத்துக்குள் போய் உட்கார்ந்துகொண்டு எதிர்ப்பக்கம், கர்ணம் என்று கேட்டது. முதல் இரண்டு வாரம் தலை சுற்றியது.

சூத்திரங்களைச் சமையலறையில் சத்தமாகச் சொல்லி மனப்பாடம் செய்வேன். ஒருநாள் ரசத்துக்குத் தாளித்தபடியே, "சைன் தீட்டா, காஸ் தீட்டா, டேன் தீட்டா" என்று ராகம் போட்டுச் சொல்லிக்கொண்டிருந்தேன். மோர் கேட்டு வந்த பக்கத்து வீட்டம்மா வாசற்படியிலேயே நின்றுவிட்டார்.

"யாருக்கும்மா தீட்டு?" என்று குரல் கொடுத்தார். "நான் உள்ள வரலாமா, வேணாமா?"

தீட்டா என்பது கோணத்தின் பெயர் என்று விளக்கினேன். நம்பிய மாதிரித் தெரியவில்லை. மோரை வாசலில் நின்றே வாங்கிக்கொண்டு போனார்.

உயரமும் தூரமும் என்ற பாடம் வந்தபோது புத்தகம் முழுக்கக் கலங்கரை விளக்கமும் கப்பலுமாக இருந்தது. சரோஜக்கா எழுந்து நின்றார்.

"மேடம், இங்க யாரும் கப்பலைப் பாத்ததில்ல. செல்போன் டவர் வெச்சுக்கலாமா?"

மேடம் சிரித்துவிட்டார். அன்றிலிருந்து கணக்கெல்லாம் செல்போன் டவரும் கிருஷ்ணகிரி மலையுமாக மாறிப்போயின. எனக்கும் பாடம் பிடிபட ஆரம்பித்தது. முப்பது டிகிரி, நாற்பத்தைந்து டிகிரி, அறுபது டிகிரி. இந்த மூன்றுக்கும் மதிப்பு மனப்பாடம். போர்டுக்குக் கூப்பிட்டால் தயங்காமல் போய்ப் போடுவேன்.

நாலு விடையிலும் இல்லாத விடை

வாரத் தேர்வில்தான் வினை வந்தது.

தேர்வு செல்போனில் நடக்கும். பத்துக் கேள்வி. ஒவ்வொன்றுக்கும் நான்கு விடைகள், ஒன்றைத் தொட வேண்டும். இதில் மனப்பாட மதிப்பு உதவாது. முப்பத்தேழு டிகிரி, ஐம்பத்திரண்டு டிகிரி என்று வரும். கால்குலேட்டர் வேண்டும். என் கொழுந்தனார் இன்ஜினியரிங் படித்தபோது வைத்திருந்த கால்குலேட்டர் வீட்டில் இருந்தது. முனிராஜ் அதைத் தூசி தட்டிக் கொடுத்திருந்தார்.

கணக்கை ஒழுங்காகப் போடுவேன். படம் வரைவேன். எதிர்ப்பக்கம் எது, அடுத்துள்ள பக்கம் எது என்று சரியாகக் குறிப்பேன். கால்குலேட்டரில் அழுத்தினால் வரும் விடை, கொடுத்திருக்கும் நான்கிலும் இருக்காது. சில சமயம் டவரின் உயரமே மைனஸில் வரும். மறுபடி போடுவேன். அதே விடை. நேரம் முடிந்துவிடும். கண்ணை மூடிக்கொண்டு எதையாவது தொடுவேன்.

பத்துக்கு மூன்று. அடுத்த வாரம் இரண்டு. அதற்கடுத்த வாரமும் இரண்டு.

மேடம் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "செல்வி, போர்டுல நீங்க சரியா போடறீங்க. டெஸ்ட்ல மட்டும் யாக்கே ஹீகே, ஏன் இப்படி? பயமா?"

"இருக்கலாம் மேடம்" என்றேன்.

பயம் அப்போது இல்லை. அவர் கேட்ட பிறகுதான் வந்தது. மூணாவது குரூப் மூளை இவ்வளவுதான் போலிருக்கிறது என்று எனக்குள்ளே ஒரு குரல் பேச ஆரம்பித்தது. பஸ்ஸில் போகும்போது பேசும். லைனில் பீஸை அளக்கும்போதும் பேசும். கம்பெனியில் அளவுக்கருவியைக் கோட்டுக்குக் கோடு சரியாகப் படிக்கிற என் கண், கல்லூரியில் மட்டும் ஏன் இப்படித் தப்புகிறது என்று கேட்கும்.

பரீட்சைக்கு முதல் நாள் சாயங்காலம், தக்காளிச் செடிக்குக் குச்சி நட்டுக்கொண்டிருந்த முனிராஜிடம் போய்ச் சொன்னேன்.

"இது எனக்கு வராதுங்க. விட்டுடலாம்னு இருக்கறேன்."

அவர் நிமிரவில்லை. குச்சியை அடித்து முடித்தார். பிறகுதான் என்னைப் பார்த்தார்.

"நாளைக்கு எழுதிட்டு வந்து வுடு. எழுதாம வுட்டா, தினமும் அந்தக் கம்பெனி பஸ்ல போறப்ப அதையே நெனச்சுகினு போவே."

அதனால்தான் அந்தக் காலையில் நான் பஸ்ஸில் இருந்தேன். எழுதிவிட்டு விடுவதற்காக.

ஆர் என்றால் ரெடி

யானை நகர்வதாக இல்லை. வனத்துறை வாட்சர் ஒருவர் பைக்கை ஓரமாக நிறுத்திவிட்டு ஜன்னலோரம் வந்து, "யாரும் எறங்காதீங்க. ஆரன் அடிக்காதீங்க. அதுவா போயிடும்" என்று மெல்லிய குரலில் சொல்லிவிட்டுப் போனார்.

நான் ஹால் டிக்கெட்டைச் சுருட்டுவதும் பிரிப்பதுமாக இருந்ததைச் சரோஜக்கா பார்த்துவிட்டார்.

"சும்மா குந்திகினு இருந்தா பயம்தான் வரும். ஒரு கணக்கு போடலாம் வா" என்றார். "அந்த ஆனை எவ்ளோ ஒசரம்?"

"எப்படிக்கா கண்டுபுடிக்கறது?"

"பஸ்ஸு ஒரு கம்பத்தண்ட நிக்குது. ஆனை அடுத்த கம்பத்தண்ட நிக்குது. கம்பத்துக்குக் கம்பம் நாப்பது மீட்டருன்னு வெச்சுக்கோ. எங்க வூட்டுக்காரரு லைன்மேன். எனக்கு இது மட்டும் நல்லாத் தெரியும்."

ஜியாமெட்ரி பாக்ஸிலிருந்து கோணமானியை எடுத்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு, யானையின் காலிலிருந்து தலைவரை பார்த்தார். "நாலு டிகிரி இருக்கும்."

நாற்பது பெருக்கல் டேன் நாலு. இரண்டு பேரும் அவரவர் கால்குலேட்டரில் அழுத்தினோம்.

"எனக்கு நாப்பத்தாறு மீட்டர் வருதுக்கா" என்றேன்.

சரோஜக்கா என்னைப் பார்த்தார். ஜன்னல் வழியாக யானையைப் பார்த்தார். மறுபடி என்னைப் பார்த்தார்.

"ஏமே! நாப்பத்தாறு மீட்டரா? எங்க கம்பெனிக்குப் பின்னாடி கட்டறாங்களே அடுக்குமாடி, அதுகூட அவ்ளோ வராதே! எனக்கு ரெண்டு புள்ளி எட்டுதான் வருது."

முன் சீட்டில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்துச் சிரித்தார்கள். யானை காதை ஒருமுறை விரித்து மடக்கியது. ஓட்டுநர் கையைக் கூப்பி, "ஸ்வல்ப சும்மனிரிம்மா, சத்தம் வேணாம்" என்றார்.

நான் மறுபடி அழுத்தினேன். நாற்பத்தாறு. கால்குலேட்டர்களை மாற்றிக்கொண்டோம். அவருடையதில் நான் அழுத்தினால் இரண்டு புள்ளி எட்டு. என்னுடையதில் அவர் அழுத்தினால் நாற்பத்தாறு.

யார் அழுத்தினாலும் அப்படித்தான் வந்தது.

சரோஜக்கா இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் குனிந்து பார்த்தார்.

"செல்வி, என்னுதுல மேல டி-ன்னு சின்னதா ஒரு எழுத்து இருக்குது. உன்னுதுல ஆர்-னு இருக்குதே. அது இன்னாது?"

"ரெடின்னு அர்த்தம்க்கா" என்றேன்.

உண்மையாகவே அப்படித்தான் நினைத்திருந்தேன். ஆன் செய்ததும் ஆர் என்று வருகிறது. வேலைக்குத் தயார் என்று சொல்கிறது. அதில் சந்தேகப்பட என்ன இருக்கிறது?

சொல்லி முடித்த அடுத்த நொடியே எனக்குப் புரிந்துவிட்டது. ரேடியன். கோணத்தை டிகிரியில் சொல்லலாம், ரேடியனிலும் சொல்லலாம் என்று மேடம் இரண்டாவது வாரமே நடத்தியிருந்தார். நான் அதை எழுதியும் வைத்திருந்தேன். ரேடியன் எனக்குத் தெரியும். அது என் கால்குலேட்டருக்கும் தெரியும் என்பதுதான் தெரியாது. கொழுந்தனார் எந்தக் காலத்திலோ எந்தப் பரீட்சைக்கோ ரேடியனுக்கு மாற்றியவர், அப்படியே விட்டுவிட்டார். நான் நாலு டிகிரி என்று சொன்னதையெல்லாம் அது நாலு ரேடியன் என்று எடுத்துக்கொண்டு, தன் பங்குக்குச் சரியான விடையைத்தான் சொல்லிக்கொண்டிருந்தது.

அத்தனை வாரமும் நான் போட்ட கணக்கெல்லாம் சரி.

காலையில் அளக்கும் வெர்னியர் கருவியின் ஜீரோ சரியாக இருக்கிறதா என்று பார்க்காமல் ஒரு பீஸைக்கூடத் தொடமாட்டேன் நான். அப்படிப்பட்டவள், என் மூளையைச் சந்தேகப்பட்டேனே தவிர, கையிலிருந்த கருவியைச் சந்தேகப்படவில்லை.

"எப்படிக்கா மாத்தறது?"

"எனக்கு இன்னா தெரியும்? கடைக்காரன் குடுத்தப்பவே டி-தான் இருந்துச்சு."

இரண்டு பேரும் ஷிஃப்டையும் மோடையும் மாற்றி மாற்றி அழுத்தினோம். ஒரு தடவை எல்லாம் அழிந்து வெறும் புள்ளி வந்தது. ஒரு தடவை எழுத்தே சின்னதாகிவிட்டது. கடைசியில் ஒரு பட்டியல் வந்து, அதில் டிகிரிக்கு மூன்று என்று காட்டியது. மூன்றை அழுத்தினேன். மூலையில் டி வந்து நின்றது.

டேன் நாலு, பெருக்கல் நாற்பது. இரண்டு புள்ளி ஏழு ஒன்பது.

ஜன்னல் வழியாகப் பார்த்தேன். யானை இப்போது ஒழுங்கான அளவில் இருந்தது.

தாளைத் தின்று முடித்துவிட்டு, தும்பிக்கையால் ரோட்டைத் தடவிப் பார்த்து, இனி ஒன்றுமில்லை என்று தெரிந்ததும் தைலமரத் தோப்புக்குள் இறங்கிப் போயிற்று.

"எந்த எடத்துல?"

ஓசூரில் இறங்கி, ஷேர் ஆட்டோ பிடித்து, கல்லூரிப் படியில் ஓடி ஏறினோம். பரீட்சை தொடங்கி அரை மணி நேரம்வரைதான் உள்ளே விடுவார்கள். வாசலில் கண்காணிப்பாளர் கதவைச் சாத்தப்போன சமயம்.

"ஏம்மா லேட்டு?"

"ரோட்டுல ஆனைங்க சார்" என்றார் சரோஜக்கா, மூச்சு வாங்கியபடி.

எங்கள் பக்கத்தில் இதைப் பொய் என்று யாரும் சொல்லமாட்டார்கள். அவர் முகத்தில் கவலைதான் வந்தது. "எந்த எடத்துல?" என்று கேட்டார். அவரும் சாயங்காலம் அந்த வழியாகத்தான் வீட்டுக்குப் போக வேண்டுமாம்.

இடத்தைச் சொன்னோம். உள்ளே விட்டார்.

கேள்வித்தாளைத் திருப்புவதற்கு முன்னால் கால்குலேட்டரில் சைன் முப்பது என்று அழுத்தினேன். பூஜ்யம் புள்ளி ஐந்து என்று வந்தது. புத்தகத்தில் இருக்கிற மாதிரியே, மேடம் சொன்ன மாதிரியே. கண் கலங்கிவிட்டது. முந்தானையால் துடைத்துக்கொண்டு எழுத ஆரம்பித்தேன். மடக்கையில் ஒரு கேள்வி புரியவில்லை, விட்டுவிட்டேன். மற்றதெல்லாம் எழுதினேன். ஒரு விடை வந்ததும், அடுத்ததற்குப் போகாமல் கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டிருக்க ஆசையாக இருந்தது. நேரம் இல்லை.

வெளியே வந்ததும் வாணி மேடத்தைத் தேடிப்போய் விஷயத்தைச் சொன்னேன். முதலில் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். பிறகு அவர் முகம் மாறிவிட்டது.

"ரேடியன்லயா? இஷ்டு தினமா, இத்தனை நாளா?" என்றார். "நான் வாரா வாரம் உங்க மார்க்கைத்தான் பாத்தேன் செல்வி. ஒருநாள் அந்த கால்குலேட்டரை வாங்கிப் பாத்திருக்கணும்."

"நானே பாக்கலியே மேடம்" என்றேன்.

அவர் என் கையைப் பிடித்துக்கொண்டு சிறிது நேரம் விடவே இல்லை.

சிரிக்கக் கூடாத போட்டோ

ரிசல்ட் ஒரு மத்தியானம் கேன்டீனில் இருக்கும்போது செல்போனுக்கு வந்தது. எழுபத்தெட்டு. சரோஜக்காவுக்கு ஐம்பத்தொன்று. எனக்கு முன்னால் அவரே கூப்பிட்டு, போனில் ஒரு வார்த்தை பேசாமல் விசில் அடித்தார்.

முனிராஜுக்குப் போன் போட்டேன். அவர் அப்போது ராயக்கோட்டை மார்க்கெட்டில் தக்காளி ஏலத்தில் நின்றுகொண்டிருந்தார். சத்தத்தில் ஒன்றும் கேட்கவில்லை.

"எவ்ளோ?"

"எழுவத்தெட்டு!"

"பெட்டியா?"

"மார்க்குங்க!"

பிறகு என்னிடம் இல்லை, அங்கே நின்றவர்களிடம் அவர் கத்துவது கேட்டது. "எங்கூட்டுல கணக்குல எழுவத்தெட்டு எடுத்துகீது!" யார் வீட்டில், யார், எந்தக் கணக்கு என்று அங்கே யாருக்குத் தெரியும்? இருந்தும் பத்துப் பேர் கைதட்டும் சத்தம் கேட்டது. நான் தட்டில் இருந்த சாம்பார் சாதத்தை அப்படியே வைத்துவிட்டுச் சிரித்துக்கொண்டிருந்தேன்.

கல்லூரி அடையாள அட்டைக்கு போட்டோ கேட்டார்கள். அந்த வாரமே தேன்கனிக்கோட்டையில் ஒரு ஸ்டுடியோவுக்குப் போனோம்.

"காலேஜ் ஐடி கார்டுக்கு" என்றேன்.

"சரிங்க, பாப்பாவ வந்து குந்தச் சொல்லுங்க" என்றார் ஸ்டுடியோக்காரர், எனக்குப் பின்னால் தேடியபடி.

"பாப்பா இதுதான்" என்றார் முனிராஜ், என்னைக் காட்டி.

ஸ்டூலில் உட்கார்ந்தேன். நீலத் துணி, இரண்டு பக்கமும் வெளிச்சம். "நேரா பாருங்க. சிரிக்கக் கூடாதுங்க மேடம், ஐடி கார்டுக்குப் பல்லு தெரியக் கூடாது" என்றார் ஸ்டுடியோக்காரர்.

வாயை மூடிக்கொண்டேன். அவர் கேமராவைத் தூக்கினார். வாய் தானாகத் திறந்துகொண்டது. மறுபடி எடுத்தார். மறுபடி பல். கணவரை வெளியே போய் நிற்கச் சொன்னார். அவர் போய்க் கண்ணாடிக் கதவுக்கு வெளியே நின்றுகொண்டு, நான் பார்க்கும்படி வாயைக் கையால் பொத்திக் காட்டினார். அதற்கும் சிரிப்புதான் வந்தது.

"ஏங்க மேடம், வேற எதையாவது நெனச்சுக்கோங்களேன்" என்று கெஞ்சினார் ஸ்டுடியோக்காரர்.

நினைத்துப் பார்த்தேன். ஒன்றும் கிடைக்கவில்லை.

கடைசியில் அவரே கேமராவை இறக்கிவிட்டு, "இதுக்குமேல ஆவாது" என்று சொல்லி அதையே பிரிண்ட் போட்டுக் கொடுத்தார். இன்றைக்கும் என் அட்டையில் முப்பத்திரண்டு பல்லும் இருக்கிறது.